எழுபதாயிரத்தில் கேமிங் பிசி: ரிச்சி தெருவுக்குப் போகும் முன்

சம்பளம் வர ஆரம்பித்த சில மாதங்களில் பலருக்கும் வரும் ஆசை இது. சொந்தமாக, பார்ட் பார்ட்டாகத் தேர்ந்தெடுத்துக் கட்டிய ஒரு கேமிங் பிசி. தாராளமாக வாங்குங்கள். முதல் சம்பளத்தில் இதைவிட மோசமான செலவுகளைச் செய்தவர்கள் உங்கள் டீமிலேயே இருப்பார்கள். ஒரே நிபந்தனை: இதை ஷாப்பிங்காக நினைக்காமல் ப்ராஜெக்டாக நடத்துங்கள். ரெக்கொயர்மென்ட், பட்ஜெட், வெண்டார், டெஸ்டிங் எல்லாம் இதில் இருக்கிறது. ஒழுங்காக நடத்தினால் நல்ல மெஷின் கிடைக்கும், இன்டர்வியூவில் பேச ஒரு உருப்படியான விஷயமும் கிடைக்கும். ஏனோதானோவென்று நடத்தினால், கடையில் தூசி படிந்து கிடந்த ஸ்டாக்கைக் காலி செய்துகொடுத்த புண்ணியம் மட்டும் மிஞ்சும்.

1. மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் ப்ராசஸரில் தொடங்குவார்கள். நீங்கள் மானிட்டரில் தொடங்குங்கள். எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுபவருக்கு ஃப்ரேம் ரேட்தான் உயிர். அவருக்கு 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வேகமான ப்ராசஸரும் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரமாக இருந்தால் போதும். சைபர்பங்க் 2077, பிளாக் மித் வுகாங் ஆடுபவருக்குக் கணக்கு தலைகீழ். கார்டு பெரியதாக வேண்டும், 60 ஃப்ரேம் வந்தாலே அவருக்குத் திருப்தி. 'எல்லாமே ஆடுவேன்' என்று சொல்பவரிடம்தான் கடைக்காரர் அதிகம் சம்பாதிக்கிறார்.

பட்ஜெட் பில்டுக்கு 1080பி போதும். 4கே ஆசையை அடுத்த அப்ரைசலுக்கு ஒத்திவையுங்கள்.

2. பணத்தை முதலிலேயே பங்கு பிரித்துவிடுங்கள்

பார்ட்ஸ் விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் விலையை மனப்பாடம் செய்ய வேண்டாம், பங்கை நினைவில் வையுங்கள். மானிட்டர், கீபோர்டு இல்லாமல் டவருக்கு மட்டும் 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 28,000. ப்ராசஸரும் மதர்போர்டும் சேர்த்து 18,000. ராமும் எஸ்எஸ்டியும் 14,000. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 5,000. கேபினட் 4,000. மிச்சம் 1,000 ஆட்டோவுக்கும் ஜூஸுக்கும்.

ஒரு பங்கு மீறினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும். குறைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கேபினட்டின் அலங்காரம், பிறகு மதர்போர்டின் ஆடம்பர அம்சங்கள், அதற்கும் பிறகு எஸ்எஸ்டியின் வேகம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆனால் நடப்பு என்ன? பெரும்பாலானோர் முதலில் வெட்டுவதே அதைத்தான்; வெட்டிய பணத்தில் நாலு ஆர்ஜிபி ஃபேன் வாங்குகிறார்கள்.

கிரெடிட் கார்டில் நோ-காஸ்ட் இஎம்ஐ எடுப்பவர்கள் பிராசஸிங் ஃபீயையும், வட்டி மீது விழும் ஜிஎஸ்டியையும் 70,000-க்குள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 'நோ காஸ்ட்' என்ற பெயரை நம்பினால் ஸ்டேட்மென்ட் வரும்போதுதான் விஷயம் புரியும்.

3. கிராஃபிக்ஸ் கார்டில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பட்ஜெட்டின் பெரும்பங்கு இங்கே போவதால் நேரத்தின் பெரும்பங்கும் இங்கேதான் போக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு விதமான கார்டுகள் சந்தையில் இருக்கின்றன. ஏமாறும் இடம் அதுதான். ஆர்டிஎக்ஸ் 3060 என்று கேட்டால் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் மெமரி அளவில் மட்டுமில்லை. 12 ஜிபி கார்டின் மெமரி பஸ் 192 பிட், 8 ஜிபி கார்டில் 128 பிட். பின்னது வேகத்திலும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே கதை. 2024-இல் வந்த 6 ஜிபி மாடல், பழைய 8 ஜிபி மாடலைவிட வேகம் குறைந்தது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் விற்கின்றன. பில்லில் ஜிபி எழுதாமல் பெயர் மட்டும் எழுதினால் அந்தப் பில்லை வாங்காதீர்கள்.

எது வாங்கலாம்? கேம் மட்டும்தான், வேறு வேலை இல்லை என்றால் ஏஎம்டி கார்டுகளில் ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ரேம் பெரும்பாலும் அதிகம். ஆர்எக்ஸ் 7600 போன்ற 8 ஜிபி கார்டு 1080பிக்கு ஓடும். புதிய கேம்களில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்தால் திணறும், ஹையில் வைத்தால் ஆடலாம். வார இறுதியில் வீடியோ எடிட்டிங், பிளெண்டர், கம்ப்யூட்டரிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்று சம்பாதிக்கும் யோசனை இருந்தால் என்விடியா பக்கம் போங்கள். காரணம் குடா என்ற அவர்களின் மென்பொருள் தளம். தொழில்முறை மென்பொருள்களில் பல அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. அப்படிப்பட்டவருக்கு 2021-இல் வந்த 3060 12 ஜிபி இன்றும் பிழைப்புக்கு உதவும் கார்டு. 2023-இன் 4060 அதைவிட வேகம், ஆனால் 8 ஜிபிதான். இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபியோடு 2024 டிசம்பரில் வந்தது. விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் ரீசைசபிள் பார் வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும், ப்ராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் அது தன் முழு வேகத்தைக் காட்டாது.

யூடியூபில் பெஞ்ச்மார்க் பார்க்கும்போது சராசரி ஃப்ரேமை விட்டுவிட்டு '1% லோ' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆடும்போது கை தடுமாறுவது அந்த எண் விழும் இடத்தில்தான்.

செகண்ட் ஹேண்ட் கார்டு? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் இத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. விற்பவர் வீட்டில், அவர் மெஷினில், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். பழைய சிப்பை வேறு பெயரில் மாற்றி எழுதிய போலிக் கார்டுகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். பிறகு அரை மணி நேரம் கனமான ஒரு கேமை ஓடவிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

4. 'ஐ7' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மயங்காதீர்கள்

விளம்பரத்தில் 'ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டோடு' என்று ஆச்சரியமான விலை போட்டிருப்பார்கள். உள்ளே பார்த்தால் 2012-இல் வந்த ஐ7-3770, பக்கத்தில் 2014-இன் ஜிடி 730. நாலு கோர் மட்டுமே உள்ள ஐ3-12100எஃப் அந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும். போதாததற்கு, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வேலரன்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் கேட்கும். ஆக, அந்த 'ஐ7' மேஜையில் அழகாக மின்னும், விண்டோஸ் 11-இல் வேலரன்டுக்குள் நுழையாது. ப்ராசஸரின் முழு மாடல் எண்ணைச் சொல்லாத விற்பனையாளரிடம் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டாம்.

பட்ஜெட்டில் என் ஓட்டு ரைசன் 5 5600-க்கு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட், பாக்ஸிலேயே கூலர். இங்கேயும் பெயர்க் குழப்பம் உண்டு: 5500, 5600ஜி என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்3 கேஷ் 16 எம்பி. 5600-க்கு 32 எம்பி. கேமில் அது தெரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இப்போது பணமில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் என்பவருக்கு மட்டும் 5600ஜி பொருந்தும், ஏனென்றால் அதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இன்டெல் பக்கம் என்றால் ஐ5-12400எஃப். கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையே வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

5600-இன் ஏஎம்4 சாக்கெட் தன் ஆயுளின் கடைசியில் இருக்கிறது. மூன்று வருடத்தில் ப்ராசஸரை மட்டும் மாற்றும் திட்டம் இருந்தால் ஏஎம்5-க்குப் போங்கள். ரைசன் 5 7600, டிடிஆர்5 ராம். அதற்கான கூடுதல் செலவை கிராஃபிக்ஸ் கார்டு பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். இன்று ஆடும் கேமுக்கு அது நஷ்டம். நானாக இருந்தால் எடுக்கமாட்டேன்.

இன்னொன்று: பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா என்று கேளுங்கள். ட்ரே விலை குறைவு, ஆனால் கம்பெனி வாரன்டி நேரடியாகக் கிடைக்காது, கடைக்காரர் சொல்வதுதான் வாரன்டி. மதர்போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் அப்டேட் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் 5600-ஐப் போட்டும் டிஸ்ப்ளே வராமல் போகலாம்.

5. ராம், எஸ்எஸ்டி

ராம் ஒரே 16 ஜிபி ஸ்டிக்காக வேண்டாம், 8+8. டூயல் சேனலில் ஓடினால்தான் ரைசனின் வேகம் தெரியும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொள்ளத் தொடங்கியதும் ராம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே வீட்டில், நண்பரிடம், ஆபீஸ் ஸ்க்ராப்பில் டிடிஆர்4 3200 ஸ்டிக் ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஆபீஸில் என்றால் ஐடி டீமிடம் கேட்டு, மெயிலில் அனுமதி வாங்கிக்கொண்டு.

எஸ்எஸ்டி என்விஎம்இயாக இருக்கட்டும். விநாடிக்கு 3,500 எம்பி வேகத்துக்கும் 7,000 எம்பி வேகத்துக்கும் கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. 500 ஜிபிக்கும் 1 டிபிக்கும் தெரியும். பிளாக் மித் வுகாங் ஒன்றே 130 ஜிபி இடம் கேட்கிறது.

6. எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கேபினட்டோடு 'இலவசமாக' வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை விடுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் அந்த லைனில்தான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 × 18 = 216 வாட். 500 வாட் என்ற பெயரில் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். கடையில் பெட்டியைத் திருப்பி அந்த அட்டவணையைப் படித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் உங்களிடம் பேசும் தோரணையே மாறும்.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கட்டும், ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகப் பாருங்கள். 4060 கார்டு 115 வாட், 5600 ப்ராசஸர் 65 வாட். இந்த பில்டுக்கு நல்ல 550 வாட் தாராளம். '750 எடுத்துக்குங்க, ஃப்யூச்சர் ப்ரூஃப்' என்பது சேல்ஸ் டயலாக்.

7. கடையில் எப்படி நடந்துகொள்வது

சென்னைவாசிகளுக்குக் கடை என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பெங்களூரில் எஸ்பி ரோடு, டெல்லியில் நேரு ப்ளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு. விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனி மாலை கூட்டம் நெரியும். வேலை நாளில் காலைப் பொழுது லீவ் போட்டுப் போங்கள்.

கவுன்ட்டரில் முதல் கேள்வியே இதுதான்: "பட்ஜெட் எவ்ளோ தம்பி?"

சொல்லாதீர்கள். 70 என்று சொன்னால் 69,500-க்கு ஒரு பில்டு தயாராகிவிடும், அதில் உங்களுக்கு வேண்டியது பாதிதான் இருக்கும். பதிலுக்கு அச்சடித்த லிஸ்டை நீட்டுங்கள். "இந்த மாடல் நம்பருக்கு ஐட்டம் வாரியா விலை போட்டுக் குடுங்கண்ணா, ஜிஎஸ்டி பில்லோட." அவ்வளவுதான் பேச்சு.

"இது ஸ்டாக் இல்ல, இதே மாதிரி வேற பிராண்ட் இருக்கு, இதவிட பெட்டர்" என்று வரும். 'இதே மாதிரி' என்றால் அவருக்கு லாபம் அதிகமுள்ள மாதிரி. அவர் வியாபாரத்தை அவர் பார்க்கிறார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, "பாத்துட்டு வரேன்" என்று வெளியே வந்து, டீக்கடையில் நின்று போனில் ரிவ்யூ பாருங்கள். நல்லதாகவே இருந்தால் திரும்பிப் போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டில் மார்ஜின் குறைவு, அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் இருநூறு முந்நூறுதான் குறையும். கேபினட், கேபிள், ஃபேன், மவுஸ் பேட், வைஃபை டாங்கிளில்தான் இடமிருக்கிறது. எனவே பெரிய ஐட்டங்களுக்கு அவர் விலையை ஒத்துக்கொண்டு, "டாங்கிள் சேத்துக் குடுத்துடுங்க, இப்பவே பே பண்ணிடறேன்" என்று முடியுங்கள். கையில் பணத்தோடு நிற்பவர்தான் பேரத்தில் ஜெயிப்பார்.

"பில் வேணாம்னா இன்னும் கொறைச்சுக்கலாம்" என்பதற்கு ஒரே பதில் 'வேண்டாம்'. 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று வருட வாரன்டியை விடுவது கெட்டிக்காரத்தனமில்லை. பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பெட்டி சீல் உங்கள் முன்னால் பிரிய வேண்டும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் பார்ட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். இதைச் சந்தேகமாகக் காட்டிக்கொள்ளாமல், போனில் போட்டோ எடுக்கும் சாக்கில் செய்யலாம்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தீர்களா, 60-இலேயே கிடக்கிறதா? பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்தீர்களா? செய்யாவிட்டால் 3200 ராம் 2133, 2400 என்று சோம்பலாக ஓடும். இரண்டு ஸ்டிக்கும் ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா? ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த நாலில் ஒன்றைக் கோட்டை விட்டவர்கள் 'கார்டு சரியில்லை' என்று கடைக்குத் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? பெரும்பாலும் மெஷின் மேல் தப்பில்லை, வீட்டு எர்த்திங் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர், கொஞ்சம் கரண்ட்டை எர்த் வழியாக அனுப்பும்படி அமைந்தது. எர்த் கிடைக்காவிட்டால் அது கேபினட்டில் நிற்கும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் உடனே எடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யுபிஎஸ்ஸிலும் பெயர் வேறு, சரக்கு வேறு: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். 1000 விஏ வாங்குங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் உள்ளே புழுங்கும். முன்பக்கம் ஜாலி வைத்த மாடலே நம்ம ஊருக்குச் சரி.

முதல் வாரம் முழுக்க மெஷினைக் கசக்குங்கள். ஓசிசிடி, சினிபெஞ்ச் ஓட்டி, வெப்பநிலையை எச்டபிள்யுஇன்ஃபோவில் பாருங்கள். பழுதாக வேண்டியது இப்போதே பழுதாகட்டும். கடைக்காரருக்கு உங்கள் முகம் மறப்பதற்குள் மாற்றிக்கொள்ளலாம். பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெட்டியும் பில்லும் உள்ள கார்டுக்கு மறுவிற்பனையில் மதிப்பு தனி.

9. இதை ரெஸ்யூமேயில் எப்படி வைப்பது

'ஹாபி: கேமிங்' என்று எழுதினால் எச்ஆர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். டெஸ்க்டாப் சப்போர்ட், ஐடி ஆபரேஷன்ஸ், பர்ச்சேஸ் வேலைகளுக்குப் போகிறவர் இப்படிச் சொல்லலாம்: "70,000 ரூபாய் வரம்புக்குள் தேவையை வரையறுத்து, மூன்று வெண்டார்களிடம் கொட்டேஷன் பெற்று, கம்பாட்டிபிலிட்டி சரிபார்த்து, நானே அசெம்பிள் செய்து, ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடித்தேன்." கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். உடனே, "ஏன் ரைசன் 7600 எடுக்கவில்லை?" என்று குறுக்குக் கேள்வி போடுவார். பதில் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எக்செல்லில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்கிறேன். சப்போர்ட் துறையில் நிலைக்க விரும்புபவர் காம்ப்டியா ஏ+ பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், அதன் முதல் தாளில் கணிசமான பகுதி நீங்கள் இப்போது கையால் செய்து முடித்த வேலை.

உங்களுக்கு பிசி கட்டத் தெரியும் என்ற செய்தி பரவியதும் ஆபீஸில் ஒவ்வொருவராக வருவார்கள். ஆலோசனையை இலவசமாகக் கொடுங்கள், அசெம்பிளிக்குக் கட்டணம் வாங்குங்கள். பார்ட்ஸ் பணம் உங்கள் அக்கவுன்ட்டுக்கு வரவே கூடாது. கடைக்கு அவர்களே நேராகக் கட்டட்டும், பில் அவர்கள் பெயரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கு வாரன்டி நீங்கள்தான். மேனேஜர் மகனுக்குக் கேட்டால் மட்டும் கட்டணம் வேண்டாம். அப்ரைசலுக்கு முந்தைய மாதம் டெலிவரி கொடுத்துவிடுங்கள்.